எங்கள் வீட்டுக் கார்டில் ஆறாவது பெயர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைப் பெருமையில் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். எங்கள் சபையில் எழுதுகிற வேலை எது வந்தாலும் அது என் தலையில்தான் வந்து விடியும். ஞாயிறு பள்ளிச் சான்றிதழ், கல்யாண அறிவிப்பு, சாவு அறிவிப்பு, கலெக்டர் ஆபீஸுக்கு மனு என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. வாரத்துக்கு ஆறு நாள் ரப்பர் வாஷரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு டப்பாவிலும் சொத்தையை ஒரு டப்பாவிலும் போட வேண்டும். கண் எரியும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் போதகர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தனுப்பியிருப்பார்.

எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு கார்டு. மேலே குடும்பத் தலைவர் பெயர், கீழே மற்றவர்கள் பெயர், வயது, தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். ஒவ்வொரு ஜனவரியிலும் எண்பது கார்டையும் நான் புதிதாக எழுத, போதகர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கார்டு இருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம், வயசு வந்தால் கல்யாணம், கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இடம். ஒரே கார்டில் இருப்பவர்களை ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் புதைப்பது எங்கள் வழக்கம்.

மனு எழுதுவதற்கும் அந்தக் கார்டுதான். கார்டைப் பார்த்து ஒரு குடும்பத்தின் எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதிவிடுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பத் தலைவர் வந்து அத்தனை பெயருக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போடுவார். கல்லறைக்குப் போகிற பாதைக்கு அப்படித்தான் மனு போட்டோம். பஸ் நிறுத்தத்துக்கு, ஒயின்ஷாப்பை இடம் மாற்றுவதற்கு எல்லாம் அப்படித்தான். யாரும் எதையும் படித்ததில்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவனை எங்கள் ஊரில் ரொம்பப் படித்தவன் என்பார்கள். அது பாராட்டு இல்லை.

எங்கள் கார்டில் ஆறு பெயர்கள். அப்பா, அம்மா, நான், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த என் கணவர், என் தங்கை. ஆறாவது, தங்கையோடு இருப்பவள்.

அவள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தங்கையும் அவளும் ஒரே லைனில் வேலை பார்த்தார்கள். முதலில் ஹாஸ்டலில் அடுத்தடுத்த கட்டில், அப்புறம் சேர்ந்து ஒரு வாடகை வீடு. ஏழு வருஷம் ஆகிறது. ஞாயிறானால் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டியில் பெரியபாளையம் வழியாக வந்து எங்களோடு ஆராதனையில் உட்காருவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதால் அவள் வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊர்ச் சபையிலிருந்து மாற்றல் கடிதம் வாங்கி வந்தபோது, தனியாளுக்குக் கார்டு கிடையாது, உங்கள் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போதகரே சொன்னார். சேர்த்தேன். உறவு என்ற கட்டத்தில் சிநேகிதி என்று எழுதினேன். என் கணவர் பெயரைக் கல்யாணமான மறு ஞாயிறே கார்டில் ஏற்றினார்கள், அப்போது யாரும் எதுவும் யோசிக்கவில்லை.

எங்கள் அப்பாவை அவள் நைனா என்று கூப்பிடுவாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தது அவள்தான், பெற்ற மகள் நான் இல்லை. எங்கள் கம்பெனியில் லீவு கேட்டால் ஒரேயடியாக நின்றுவிடு என்பார்கள்.

அவர்கள் இரண்டு பேரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஒரு தடவை அம்மாவும் நானும் அந்த வாடகை வீட்டுக்குப் போனோம். ஒரே அறை, ஒரே கட்டில், இரண்டு தலையணை, சுவரில் வசனக் காலண்டர். அம்மா சமையல் மேடையைப் பார்த்தாள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தாள், கட்டில் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அடுத்த ஞாயிறு குடும்ப ஜெபத்தில், சின்னவளுக்கு ஒரு நல்ல வரன் அமையணும் ஆண்டவரே என்று உருகி வேண்டினாள். அவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் முழங்காலில் இருந்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னோம். தங்கையும் சொன்னாள். எனக்கு அப்போதே எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் தில்லியில் அந்த வழக்கு நடந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பெரிய கோர்ட்டில் விசாரணை. டிவியைப் போட்டால் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருவர் வேதத்தைத் தூக்கினார், இன்னொருவர் சாஸ்திரத்தைத் தூக்கினார். வேண்டும் என்று பேசியவர்கள் பாதிக்கு மேல் இங்கிலீஷிலேயே பேசினார்கள். கும்மிடிப்பூண்டியில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பையோடு நிற்கிற இரண்டு பெண்களை இவர்களில் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். எழுந்து டிவியை அணைத்தால் என் கணவர், "போடு போடு, நல்லா சூடா போய்க்கினு கீது" என்பார்.

கம்பெனியிலும் இதே பேச்சு. எனக்கு எதிரில் உட்கார்ந்து வாஷர் பார்க்கிற பெண் சொந்தமாக நெல்வயல் வைத்திருக்கிற குடும்பம். பிரதோஷம் தவறாமல் திருப்பாச்சூர் போகிறவள். அவர்கள் தாத்தா வயலில்தான் எங்கள் தாத்தா கூலிக்கு நாற்று நட்டார். இன்றைக்கும் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட மாட்டாள், விரதம் என்பாள், வயிறு சரியில்லை என்பாள். அவள் சொன்னாள், "உங்க பாஸ்டர் சொல்றது கரெக்ட்டுதான்க்கா. சாமி வேறயா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு கீதில்ல?" அவளும் நாங்களும் ஒத்துப்போக இந்த ஒரு விஷயம்தானா கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். கையிலிருந்த வாஷர் நல்லதா சொத்தையா என்று பார்க்காமலே சொத்தை டப்பாவில் போட்டேன்.

நான் விசுவாசி. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற சிலர் என்னை வேறு கணக்கில் வைத்துவிடுவார்கள். போதகர் பிரசங்கத்தில் வாசித்த வசனங்கள் எனக்கும் மனப்பாடம். அவற்றைக் கேட்கும்போது எனக்கும் பயம் வரும். ஆனால் எந்தக் கஷ்டம் வந்தாலும் என் தங்கை முதலில் முழங்கால் போடுவாள். அவள் போய் நிற்பதும் அதே ஆண்டவரிடம்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டாலும், ஜெபம் பண்ணும்மா என்பார்கள். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அந்தக் காகிதங்கள் வந்தன. மேலே அச்சடித்த நாலு வரி, இந்தக் கல்யாணங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது என்று. கீழே பெயர்களுக்குக் கோடு. திங்கட்கிழமை எங்கள் சபைகளின் பெரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். எண்பது கார்டையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, பெயர், வயது. எங்கள் கார்டு நடுவில் எங்கேயோ வந்தது. அப்பா, அம்மா, நான், கணவர், தங்கை, அவள். எழுதிவிட்டு அடுத்த கார்டை எடுக்கும்போதுதான் உறைத்தது.

இங்கே நான் பொய் சொல்லலாம், களைப்பில் கவனிக்கவில்லை என்று. கவனித்தேன். ஆனால் அடிக்கவில்லை. எண்பது குடும்பத்தில் எங்கள் குடும்பத்தில் மட்டும் இரண்டு பெயர் அடித்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். யாருமே படிக்கப் போவதில்லை, அது பாட்டுக்கு எங்கேயோ போய் மூலையில் கிடக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த கார்டை எழுதினேன். மறுநாள் அப்பா மற்றவர்களோடு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத் தங்கைக்கு ஓவர்டைம், வரவில்லை.

யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்தேனே, சபையின் வாட்ஸ்அப் குழுவை மறந்துவிட்டேன். அன்று மத்தியானமே யாரோ எல்லாத் தாள்களையும் படம் பிடித்துச் சாட்சிக்காகப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, சாப்ட்டியா?"

"ஆச்சு. இன்னாடி?"

"அந்த மனுவுல இருக்கிறது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"எங்க ரெண்டு பேரு பேரும் கீதுக்கா."

"கார்டப் பாத்து வரிசையா எழுதிக்கினே போனேன்டி..."

"தெரியும். நீ வேணும்னு செஞ்சிருக்க மாட்ட."

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து, "விடு, அக்காவப் பேஜாரு பண்ணாத" என்று இன்னொரு குரல் கேட்டது.

"நீங்க இன்னா வேணா எழுதிக்கோங்க. உங்க நம்பிக்கை, நான் இன்னா சொல்றது? எங்க பேர மட்டும் எடுத்துடு. நாங்களே எங்களுக்கு எதிரா நின்னா மாதிரி கீது. நைட்டு எப்படிக்கா தூங்குறது?"

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் போதகரைப் பார்க்கப் போனேன். சபையில் புது ஒலிபெருக்கிக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தார். தாள் கட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மேசைமேல் இருந்தது. இரண்டு பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், எடுக்க வேண்டும் என்றேன்.

"யார் பேரும்மா?"

"என் தங்கச்சி பேரு. அதுகூட இருக்கிற பொண்ணு பேரு."

வயரைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"ஏன் எடுக்கணும்?"

"அவங்க கையெழுத்து போடலைங்கய்யா."

"உங்க அம்மா போட்டாங்களா? நீ போட்டியா? அப்பா எல்லாருக்கும் சேர்த்துப் போட்டாரு. எப்பவும் அப்படித்தானே?"

"எப்பவும் பஸ் ஸ்டாப்பு கேட்டோம். இது வேற."

"அடிச்சுத் திருத்தினா அந்தத் தாளே செல்லாதுன்னு மேல சொல்லியிருக்காங்கம்மா. அந்தப் பொண்ணுங்க நேர்ல வரட்டும். கமிட்டி முன்னாடி என்ன காரணம்னு சொல்லட்டும். வேற தாள் எழுதிக்கலாம்."

காரணத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இத்தினி பேர்ல ரெண்டு பேரு இல்லன்னா இன்னாங்கய்யா கொறஞ்சிடும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"இருந்தா மட்டும் என்னம்மா ஆகிடும்? நான் யாரையும் வெறுக்கலை. அவங்களுக்காகவும் தினம் ஜெபிக்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பஸ் மாறி மாறி வந்து, தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டு, அந்தப் பெண்ணையும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனவர். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த மேசைமேல் இருந்த உறையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் பாய்ந்தேன். "இன்னான்னு பாக்காம கையெழுத்து போடுவியா நீ?"

"கல்லறப் பாதைக்குத்தானே? இன்னும் ரோடு போடலியே, திரும்பவும் மனு குடுக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். ஏழு வருஷத்தில் எங்கள் வீட்டில் முதல் தடவையாக அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொன்னது நான்தான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு பேரும் கீதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தாள்கள் போய்விட்டன. தங்கையிடம் சொன்னேன். சரிக்கா என்றாள். அதற்கப்புறம் ஞாயிறுகளில் ஸ்கூட்டி வரவில்லை. போன் செய்தால் எடுப்பாள், ஓவர்டைம் என்பாள், தலைவலி என்பாள். ஆராதனையில் எங்கள் பெஞ்சில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருக்கும், அம்மா அதில் தன் பையை வைத்துக்கொள்வாள்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்ட கல்யாணத்துக்குச் சட்டத்தில் உரிமை இல்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அந்த ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திர ஜெபம். நம் மனுவுக்குத் தேவன் பதில் கொடுத்தார் என்று போதகர் புது ஒலிபெருக்கியில் சொன்னார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பின் பெஞ்சுக்காரர்கள் ஆவியானவர் தொட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டேன்.

ஜனவரியில் கார்டு எழுதுகிற சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும், வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வந்தார்கள். அவள் நேராக அப்பாவிடம் போய், "இன்னா நைனா, மருந்து ஊத்துறியா இல்லியா?" என்று அவர் கண்ணை விரித்துப் பார்த்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. தங்கை என் எதிரில் கார்டுக் கட்டுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்களுக்குத் தனிக் கார்டு எழுதுக்கா."

"தனிக் கார்டா? இன்னாத்துக்கு?"

"கார்டு ஒண்ணா இருந்தாத்தானே பக்கத்துல பக்கத்துல பொதைப்பாங்க? இப்ப உன் கார்டுல இருக்கிறோம். நாளைக்கு யாராவது அவ உங்க சொந்தம் இல்லன்னு எடுத்துட்டா?"

"வயசு முப்பத்தஞ்சு ஆவல, அதுக்குள்ள சாவுப் பேச்சு பேசுறியே, அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினேன்.

"வேற எதுலக்கா எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதுவாங்க? கல்லறையிலயாவது எழுதட்டும்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் எழுத்து மங்கியது. ஒரு புதுக் கார்டை எடுத்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தங்கை பெயரை எழுதினேன். கீழே அவள் பெயர், வயது. உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் தங்கையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரிஞ்சத எழுது" என்றாள்.

வாழ்க்கைத்துணை என்று எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அழகாக, கட்டத்துக்கு வெளியே ஒரு கால் நீளாமல் எழுதினேன். பிறகு எங்கள் வீட்டுக் கார்டில் நாலு பெயர் மட்டும் எழுதினேன்.

மறுநாள் கட்டைப் போதகர் முன்னால் வைத்தேன். அந்தக் கார்டை நான் ஒளிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். அவர் படிக்க வேண்டும், படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அன்றைக்கு விட்ட பேச்சை இன்றைக்குப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று ராத்திரி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். தங்கையும் அவளும் எங்கள் பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார், முதல் கார்டில் கையெழுத்துப் போட்டார், தள்ளினார், அடுத்ததில் போட்டார், தள்ளினார். கட்டு முடிந்ததும், "எத்தனைம்மா?" என்றார்.

"எண்பத்தொண்ணுங்கய்யா."

"போன வருஷம் எண்பதுதானே?"

"ஒரு குடும்பம் கூடியிருக்குங்கய்யா."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.